இருங்காட்டுக்கோட்டையில் வளைவு பழகிய நாள்

ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போகும்போது கோயில், கல்யாணம், ஜவுளிக்கடை தவிர ஒரு நாள் மிச்சமிருந்தால், கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் அதை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குக் கொடுங்கள். சென்னையிலிருந்து பெங்களூரு ஹைவேயில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக், 1990-இல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ரேஸ் இல்லாத நாட்களில் ட்ராக் டே நடத்துகிறார்கள், அதாவது போட்டியில்லாமல் ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள். சொந்தக் காரிலேயே போகலாம். நான் தம்பியின் போலோவை எடுத்துப் போனேன்.

பணம் கட்டுவதுதான் அலைச்சல். நடத்தியவர்களின் இணையதளம் ஜெர்மன் கார்டை ஏற்கவே இல்லை. தம்பிதான் ஜிபேயில் அனுப்பினான். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். ட்ராக்கில் குறையே சொல்ல முடியாது. ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, ஷூ எல்லாம் பார்த்தார்கள். டிக்கியிலிருந்த ஜாக்கி, தண்ணீர் பாட்டில் வரை இறக்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகே முதல் கார் உள்ளே போனது.

ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் டிக்கெட் எடுத்தால் நம்பாட்டுக்கு ஓட்டலாம், சொல்லித்தர ஆள் வராது. இங்கே பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அண்ணா, பிரேக்க நேரா போகும்போதே நல்லா அழுத்திடுங்க. திரும்ப ஆரம்பிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க" என்று சொல்லி, உள்ளங்கையை டாஷ்போர்டுக்கு மேலே விரித்து, பிரேக்கை விடவேண்டிய வேகத்தில் மெல்ல உயர்த்திக் காட்டினார். அடுத்த வளைவில் அந்தக் கையைப் பார்த்தே காலை எடுத்தேன். காரின் மூக்கு அப்படியே உள்ளே திரும்பியது. பிரேக் பிடித்திருக்கும்வரை பாரம் முன் டயர்களில் இறங்கி நிற்கும், பிடிமானம் கூடும். சட்டென்று விட்டால் அது போய்விடும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லித்தந்ததுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்தது பார்வை. உள்விளிம்பில் வைத்திருந்த கோன் வருவதற்கு முன்பே கண் வெளியேறும் இடத்துக்குப் போய்விட வேண்டும். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள்ளே தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விட்டால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. ஆரம் இரண்டு மடங்கானால் அதே டயர் சுமார் 1.4 மடங்கு வேகம் தாங்கும். நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவில் கொஞ்சம் தாமதமாகவே உள்ளே தொடச் சொன்னார்; ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்க முடிகிறது, அந்த வேகம் நேர்ப்பாதை முழுக்கக் கூடவே வருகிறது. மதியத்துக்குள் வெளி ஓரத்து மேடான விளிம்பான கெர்பின் சிவப்பு வெள்ளைப் பட்டை டயருக்கடியில் தடதடக்கும்வரை காரை விடத் துணிவு வந்துவிட்டது.

போகிறவர்கள் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள். சாதாரண கார் இன்சூரன்ஸ் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பாலிசியை முன்பே படித்துவிடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட்டு, நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் காலை நேரமே கேளுங்கள். வெயில் ஏறினால் டயர் சீக்கிரம் சூடாகிவிடும்.