சரளைக் காட்டுக்கு மகோகனி "ரொம்ப பொருத்தம்"னு ரிப்போர்ட் குடுத்து 1,40,000 ரூபாய் வாங்கிட்டாங்க, உஷாரா இருங்க

நிலத்துக்கு என்ன பயிர் பொருந்தும்னு பார்த்து சொல்லி, கன்னும் நட்டுக் குடுக்கற ஆன்லைன் கம்பெனி ஒன்னு, பேர் போடல. எங்க மூணு ஏக்கர் செஞ்சரளை (கல்லு கலந்த செம்மண்ணு) மானாவாரிக் காட்டுக்கு ரிப்போர்ட், மகோகனி மரக் கன்னு, நடவு எல்லாம் சேர்த்து 1,40,000 வாங்கினாங்க. இப்ப காடு முழுக்க காஞ்ச குச்சிதான் நிக்குது.

வந்த பையன் மண்டி போட்டு உக்காந்து மண்ணை அள்ளி மோந்து பார்த்தான், எங்க அப்பா கையப் புடிச்சு "ஐயா, இந்த மண்ணை விட்டுடாதீங்க"ன்னான், அவரு கண்ணு கலங்கிருச்சு, அங்கேயே பணம் போட்டுட்டோம். அவன் எடுத்தது மேல் மண்ணு மட்டும், குழியே தோண்டல!!

லேப்ல 2 மி.மீ. சல்லடையில சலிச்சு கல்லையெல்லாம் ஒதுக்கிட்டுதான் டெஸ்ட் பண்ணுவாங்க, அதனால தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துன்னு பேப்பர்ல இருக்கறதெல்லாம் சலிச்ச மண்ணோட கணக்கு. காட்டுல பாதி கல்லுன்னா சத்தும் தண்ணியும் நிக்கற இடம் பாதிதான? எங்களுக்கு ஒன்றரை அடிக்கு கீழ கடப்பாரையே இறங்கல. மகோகனிக்கு ஆழமான, ஈரம் நிக்கற மண்ணு வேணும். ஐப்பசி மழை ஓஞ்சு தை பொறந்ததும் இலை கருகிருச்சு.

போன் பண்ணா "சொட்டுநீர் போடுங்க சார்", அப்புறம் "ஹியூமிக் வாங்கி ஊத்துங்க", மண்ணுக்கு ஊத்தற மருந்தாம், அதுவும் அவங்ககிட்டயே வாங்கணுமாம், கடைசியா "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். யாரு தீர்த்தா? 1,40,000 எங்க? அந்த பையன் நம்பரே இப்ப சுவிட்ச் ஆஃப்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் இதே மாதிரி சரளையிலதான் கொழுக்கட்டைப் புல்லு, வெள்வேல், கிளுவை வேலின்னு கொறங்காடு (மேய்ச்சல் காடு) வச்சு ஆடு மாடு மேய்க்கறாங்க, கொள்ளு வெதைக்கலாம், குழியில வண்டல் போட்டு நெல்லி, சீத்தா வைக்கலாம், சரிவுக்கு குறுக்க வரப்பு போட்டா மழைத்தண்ணி நிக்கும். இதுல ஒரு வரி கூட அந்த ரிப்போர்ட்ல இல்லங்க, 1,40,000 வாங்கிட்டு!

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. மூணடி குழி தோண்டி உங்க கண்ணு முன்னாடி பார்க்கச் சொல்லுங்க, கல்லு எத்தனை சதவீதம், மண்ணு எத்தனை அடின்னு எழுதி வாங்குங்க, கன்னு விக்கறவன்கிட்டயே மண்ணு ரிப்போர்ட் வாங்காதீங்க, பில் இல்லாம யுபிஐல போடாதீங்க. நான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சுட்டேன், இதே கம்பெனிகிட்ட மாட்டினவங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்து கேஸ் போடலாம்.