பழைய குடும்பச் சமையல் நூலை அன்றாடம் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை புழங்கிய அச்சுச் சமையல் நூல் ஒன்றைச் சில ஆண்டுகளாக, விசேஷ நாள்களுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், அன்றாடச் சமையலுக்கே பயன்படுத்தி வருகிறேன். கைப்பேசியில் தேடினால் எதற்கும் நூறு செய்முறைகள் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நூல் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வதில்லை, பாத்திரத்தைப் பார்க்கச் சொல்கிறது என்பதே என் பதில்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் வதக்கினால் பொன்னிறமாகிவிடும் என்று இன்றைய செய்முறைகள் பலவும் எழுதிவிடுகின்றன. அடுப்பின் சூடும் வாணலியின் கனமும் தெரியாமல் போட்ட எண் அது. எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீராக இருக்கும் வெங்காயம், அந்த நீரில் பெரும்பகுதியை இழந்த பிறகுதான் நன்றாகச் சிவக்கத் தொடங்கும் என்பதால், மிதமான தீயில் அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பழைய நூலோ, பச்சை வாடை போய், துண்டுகள் கண்ணாடி போலாகி, சலசலப்பு அடங்கி, ஓரம் சிவக்கும் வரை என்று வரிசைப்படி சொல்கிறது. சத்தம் அடங்குவது நீர் வற்றியதற்கு அடையாளம் என்பதால், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினாலும் காதே சொல்லிவிடுகிறது. விறகடுப்பு, எரிவாயு, மின்னடுப்பு எதுவானாலும் இந்தக் குறிப்பு மாறாது.

தகராறு செய்தவை அளவுகள்தான். அமெரிக்க வழக்கில் ஒரு கப் சுமார் 237 மில்லிலிட்டர், மெட்ரிக் வழக்கில் 250. பைண்ட் என்றால் பிரிட்டனில் 568, அமெரிக்காவில் 473. நூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளாவிட்டால் மாவு கூழாகிவிடும். ‘வீட்டுக் கிண்ணம்’ என்று மட்டும் எழுதியிருந்த இடங்களில், நூலோடு கைமாறி வந்த கிண்ணத்தில் நீர் நிரப்பித் தராசில் வைத்து, ஒரு மில்லிலிட்டர் நீர் ஒரு கிராம் என்ற கணக்கில் கொள்ளளவைக் கண்டுகொண்டேன். உப்பிலும் கவனம் வேண்டும். பரல்களுக்கு இடையே காற்று நிற்பதால், ஒரு கரண்டிக் கல்லுப்பைவிட அதே கரண்டித் தூள் உப்பு எடையில் கூடுதலாக இருக்கும். ஆகையால் நூலில் கல்லுப்பு என்றிருந்தால் தூள் உப்பைக் குறைத்தே போடுகிறேன்.

பெரிய குடும்பத்துக்கு எழுதிய அளவுகளைச் சிறிய குடும்பத்துக்குச் சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைப்பது சரிவராது. கொதிக்கும்போது ஆவியாகும் நீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயையும் பொறுத்தது. பொருளைக் கால்பங்காக்கி அதே அகலப் பாத்திரத்தில் வைத்தால் குழம்பு அடிப்பிடிக்கும். இதற்குச் சிறிய பாத்திரத்துக்கு மாறுவதே நல்ல வழி. இதைப் பற்றி நூல் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்பது அதன் பெரிய குறை.

ஓரக் குறிப்புகள் தனிச் சுவை. ஒரு பக்கத்தில் நீல மையில் ‘இவ்வளவு எண்ணெய் வேண்டாம்’ என்றும், அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘வேண்டும்’ என்றும் இருக்கிறது. சமைத்துப் பார்த்ததில் இரண்டாமவர் பக்கமே நியாயம் என்று எனக்குப் பட்டது. அச்சிட்ட செய்முறையைவிட, யாரோ செய்து பார்த்துத் திருத்திய இந்த வரிகளையே நான் அதிகம் நம்புகிறேன். மீந்த உணவை மறுநாள் வேறொன்றாக மாற்றும் அத்தியாயம்தான் அன்றாடத்துக்கு மிகவும் கைகொடுத்தது; எண்ணெய்க் கறை அதிகம் படிந்ததும் அந்தப் பக்கங்களில்தான்.

ஆனால் பதப்படுத்தும் முறைகளில் நூலை நான் பின்பற்றுவதில்லை. புளிப்பில்லாத காய்களை வெறுமனே கொதிக்கவைத்துப் புட்டியில் அடைக்கச் சொல்கிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் கூடக்கூடப் புளிப்புக் குறையும்) 4.6-க்கு மேலுள்ள உணவில், பாட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா காற்றில்லாத புட்டிக்குள் வளரக்கூடும், அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் அழிவதில்லை. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைக்கும் குறிப்புக்கும் இதே ஆபத்து உண்டு. வடித்த சோற்றை இரவு முழுதும் மேடைமேல் வைத்துக் காலையில் சூடாக்கலாம் என்பதையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் உருவாகக்கூடிய ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

நூலின் தாள் பழுத்து, மடித்த இடமெல்லாம் ஒடிகிறது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளைக் கெடுக்கும் என்பதால் கிழிந்ததை அப்படியே விட்டிருக்கிறேன். பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்ட நகல்தான் இப்போது அடுப்பங்கரையில் இருக்கிறது. புதிய குறிப்புகளையும் அதன் ஓரத்திலேயே எழுதுகிறேன்.