உரத்தொட்டிக்கு நல்ல மதிப்பெண், கையேட்டுக்குப் பூஜ்யம்

தை மாதம் காட்பாடிப் பக்கம் ஒரு கடையில் மூன்றடுக்கு மண் உரத்தொட்டி வாங்கினேன். விலை 2,200 ரூபாய். நன்றாகச் சுட்ட மண். விரலால் சுண்டினால் கணீரென்கிறது. துளைகள் தாராளமாக இருப்பதால் நாற்றமே இல்லை. மூடிதான் சரியாகப் பொருந்தாமல் ஆடுகிறது. சாக்குத் துண்டு வைத்துச் சமாளிக்கிறேன்.

என் சண்டை கூடவே கொடுத்த கையேட்டோடு. 'காய்கறிக் கழிவுடன் எந்தத் தாளையும் கிழித்துப் போடலாம்' என்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் வேலூரில் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டியவன் நான். ஓய்வுபெற்று ஓராண்டு ஆன பிறகுதான் நகக்கண்ணிலிருந்து மை போயிற்று. என்னிடமா 'எந்தத் தாளையும்'?

"மை கலந்த உரத்தில் காய்த்த கத்தரிக்காயை நான் சமைக்க மாட்டேன்" என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். மாடியில் இருப்பது இலவம்பாடி முள்கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் என்று அவளுக்குத் தனிப் பெருமை. பிறந்த ஊர் ராணிப்பேட்டை. அங்கே ஆலைகள் கொட்டிய குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் தொழில் கற்ற நாளில் சில மஞ்சள் மைகளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நச்சு நிறமியான ஈயக் குரோமேட்டே இருந்தது. பரணில் கிடக்கும் பழைய வண்ணப் பத்திரிகைக் கட்டை அதனால்தான் நானும் தொடவில்லை.

இன்றைய நாளிதழ் வேறு. கறுப்பு மை என்பது பெரும்பாலும் கரித்தூளும் எண்ணெயும்தான் என்றேன். "அப்படியானால் பஜ்ஜியை அதில் மடிக்காதே என்று 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏன் சொன்னது?" என்று மடக்கினாள். சூடான எண்ணெய் மையைக் கரைத்து நேரே வயிற்றுக்குள் அனுப்பும். தொட்டியிலோ மையில் உள்ள எண்ணெயை நுண்ணுயிர்கள் மெல்லத் தின்றுவிடும் என்றேன். அரை மனதோடு சம்மதித்தாள், கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு மட்டும். தினசரி காலண்டர் தாளுக்கும் அனுமதி கிடைத்தது.

கடை பில், பஸ்ஸில் மெஷினிலிருந்து வரும் டிக்கெட் இரண்டும் கூடாது. வெப்பத்தில் எழுத்து தோன்றும் அந்தத் தாள்களில் பெரும்பாலும் உடலுக்குக் கேடான பிஸ்பீனால் வகை ரசாயனம் இருக்கும். காகித டம்ளரின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. ஜிகினா ஒட்டிய கல்யாணப் பத்திரிகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தாளை முழுசாகப் போட்டால் அடை மாதிரி ஒட்டிக்கொண்டு காற்று புகாது. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, நனைத்து, இரண்டு கை காய்கறிக் கழிவுக்கு ஒரு கை தாள் போடுகிறேன். தாள் மிஞ்சினால் தழைச்சத்து போதாமல் மக்குவது நின்றுவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டி நாலே நாளில் காய்கிறது; கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறேன்.

அந்தக் கையேடே லேமினேஷன் போட்ட ஆர்ட் பேப்பர். சோதித்துவிடலாம் என்று அதையும் கிழித்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்துச் சலித்தால் நாளிதழ் இருந்த இடம் தெரியவில்லை. கையேட்டுத் துண்டுகள் பளபளவென்று கிடந்தன. ஒன்றில் 'எந்தத் தாளையும்' என்பதைக் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஐயா, அது வெளியூரில் அச்சடித்து வருவது" என்று சிரித்தார். மூடியை மாற்றித் தருவதாகச் சொன்னார். இன்னும் தரவில்லை.