கிராமத்தின் ஆள்தொகையும் பஸ் வசதியும்: 2011 மாவட்ட சென்சஸ் கையேட்டை எவ்வளவு நம்பலாம்?

ஒரு கிராமத்தில் எத்தனை பேர், அங்கே பஸ் போகிறதா என்று இணையத்தில் தேடினால் வந்து விழுபவற்றில் பெரும்பாலானவை 2011 கணக்கெடுப்பை அப்படியே எடுத்துப் போட்டவை. பல இடங்களில் ஆண்டைக்கூடக் குறிப்பிடுவதில்லை. அதைவிட மூலத்தையே இறக்கிக்கொள்ளலாம். சென்சஸ் துறையின் தளத்தில் மாவட்ட வாரியாகக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. ஏ பகுதியில் சாலை, பஸ், பள்ளி, மருத்துவ வசதிகள் இருக்கின்றன. பி பகுதியில் ஆள்தொகைக் கணக்கு. எக்செல் கோப்பாகவும் உண்டு, வேலைக்கு அதுதான் வசதி.

ஊரைக் கண்டுபிடிப்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். தென்காசிப் பக்கத்து ஊரைத் திருநெல்வேலியிலும், கள்ளக்குறிச்சி ஊரை விழுப்புரத்திலும், ராணிப்பேட்டை ஊரை வேலூரிலும் தேட வேண்டும். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் ஏகப்பட்டவை என்பதால் தாலுகாவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கிராமத்தின் 6 இலக்கக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமப் பட்டியலில் ஊரே இல்லையென்றால் நகரப் பட்டியலைப் பாருங்கள். ஊராட்சியாகவே இருந்தாலும், 5,000 பேருக்குக் குறையாமல், விவசாயம் சாராத வேலை பெருகி, மக்கள் நெருக்கமும் கூடிய ஊர்களை சென்சஸ் நகரக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

ஆள்தொகைப் பகுதி அருமையானது. வீடுகள், ஆண், பெண், 0–6 வயதுக் குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிந்தவர்கள், தொழில் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். எழுத்தறிவு விகிதம் போடுவதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. 1,840 பேர் உள்ள ஊரில் 0–6 வயதினர் 190, எழுத்தறிந்தவர்கள் 1,155 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தால் வகுத்தால் 62.8 சதவீதம். குழந்தைகளைக் கழித்து 1,650-ஆல் வகுத்தால் 70. சென்சஸ் முறைப்படி 70-தான் சரி. வேலை விஷயத்திலும் கவனம் வேண்டும்: 6 மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களை ‘குறுகிய காலத் தொழிலாளர்’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். கூலி வேலை அதிகமுள்ள ஊர்களில் அந்தக் கட்டத்தைச் சேர்க்காவிட்டால் பாதிப் படம்தான் தெரியும்.

போக்குவரத்துப் பகுதி அந்தத் தரத்தில் இல்லை. அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, வேன், டிராக்டர், மாட்டுவண்டி வரை தனித்தனிக் கட்டங்கள் உண்டு. சாலையிலும் தேசிய நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, தார்ச்சாலை, கப்பிச் சாலை, ஒற்றையடிப் பாதை என்று பிரித்திருக்கிறார்கள். எக்செல்லில் 1 என்றால் உண்டு, 2 என்றால் இல்லை. இல்லாத இடத்தில் தூரத்தை எழுத்தால் குறிக்கிறார்கள்: ஏ என்றால் 5 கி.மீ.க்குள், பி என்றால் 5 முதல் 10, சி என்றால் அதற்கும் மேல். பஸ் பிடிக்க ஒரு கிலோமீட்டர் நடப்பவரும் நாலரை கிலோமீட்டர் நடப்பவரும் இங்கே ஒரே ‘ஏ’ தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நினைத்தால் இது மிகப் பெரிய குறை.

இன்னொன்று, ‘பஸ் உண்டு’ என்ற 1-க்குள் நாளைக்கு இரண்டு நடை வரும் பஸ்ஸும் அடங்கும், அரைமணிக்கு ஒன்றும் அடங்கும். கணக்கு எடுத்திருப்பதும் வருவாய்க் கிராமத்துக்கு, அதாவது வருவாய்த் துறைப் பதிவில் ஒரே கிராமமாக உள்ள, பல குக்கிராமங்கள் அடங்கக்கூடிய பகுதிக்கு. தாய்க் கிராமத்து நிறுத்தத்தில் பஸ் நின்றால் போதும், மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காலனிக்கும் சேர்த்து ‘உண்டு’ ஆகிவிடும். ஊராட்சி எல்லை வருவாய்க் கிராம எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை.

மினி பஸ் கேட்டு மனு எழுதுபவர்கள் வீடுகளின் எண்ணிக்கையை பி பகுதியிலிருந்து எடுக்கலாம், ஆண்டைக் குறிப்பிட்டு. குக்கிராம வாரியாகத் தூரத்தை மட்டும் வண்டி மீட்டரில் அளந்து, பஸ் வரும் நேரங்களை டெப்போவில் கேட்டு எழுதுங்கள். அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. புது எண்கள் வெளிவரும் வரை கிராம அளவில் முழுமையாக இருப்பது இந்தக் கையேடுதான்.