லிடல்–ஸ்காட் கிரேக்க அகராதி: ஒரு சொல்லைத் தேடிப் போன கதை

கிரேக்கம் படிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ரிட்டயரான தமிழ் டீச்சருக்கு இது தேவையா என்று வீட்டில் கேலி. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் அகராதி வாங்கினேன். கிரேக்க 'த'வான டெல்டா எழுத்தில் பாதிப் பக்கங்களைக் காணோம். எனக்கு வேண்டிய சொல்லும் அதற்குள்தான். அப்புறம்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'லோகெயோன்' தளத்துக்குப் போனேன். லிடலும் ஸ்காட்டும் 1843இல் வெளியிட்டு, ஜோன்ஸ் திருத்தத்தோடு 1940இல் முடிந்த பேரகராதி அங்கே இலவசம்.

தேடியது 'திக்கையோஸ்', அதாவது நியாயமாக. புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடத்தில் வருகிறது. லூக்கா 23:41இல் சிலுவையில் தொங்கும் குற்றவாளியின் வாயில் அதை 'நியாயப்படி' என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. தீத்து 2:12இல் 'நீதி' என்கிறது. ஏன் இரண்டு விதம் என்பதுதான் என் குடைச்சல்.

அகராதியில் இதற்குத் தனித் தலைப்பு கிடையாது. 'திக்கையொஸ்' என்ற பெயரடையின் நீண்ட பதிவில் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறில் ஒ வந்தால் பெயரடை, நெடில் ஓ வந்தால் வினையடை. தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு இது சுலபம்.

அந்த வாலில்தான் விஷயம். ஹோமரின் காவியமான ஒடிசியின் 14ஆம் காண்டத்தில், எஜமானி பெனலோப்பியைக் கேட்டு வந்து வீட்டையே தின்று தீர்ப்பவர்களைப் பற்றிப் பன்றி மேய்க்கும் யூமேயுஸ் புலம்புகிறான்: இவர்களுக்கு முறையாகப் பெண் கேட்க மனமில்லை. அந்த 'முறையாக'தான் திக்கையோஸ். அங்கே நீதிபதியும் இல்லை, தீர்ப்பும் இல்லை, ஊர் வழக்கம்தான். பெயரடையைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் நீளத்தை அளக்கும் இடத்தில்கூடப் பயன்படுத்துகிறார்: நூறு பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) 'சரியாக' ஒரு ஸ்டேடியம் என்ற கிரேக்க நீள அளவு.

மூலச்சொல் 'திக்கே'வுக்கு வழக்கம், நீதி, கோர்ட் வழக்கு எல்லாமே பொருள். ஆங்கில விளக்கம் இதை ஏழெட்டுச் சொல்லாகப் பிரித்து அடுக்குகிறது. எனக்கு 'முறை' ஒன்றே போதும். உறவிலும் முறை, குறள் 388இல் மன்னவன் செய்வதும் முறை. வடமொழி வழியே நம்மிடம் வந்த 'திக்கு'கூட இந்தத் திக்கேவுக்குச் சொந்தம்தான். இரண்டுக்கும் வேர் 'சுட்டிக்காட்டு'.

குறை என்றால் சுருக்கக் குறிகள். மேற்கோள் காட்டும் ஆசிரியர்கள் பலரின் பெயர் ஓரிரு எழுத்துதான். முதல் மாதம் தலைவலி நிச்சயம். பைபிள் மட்டும் படிப்பவர்களுக்கு, பைபிளின் மூலச் சொற்களுக்கு எண் போட்ட ஸ்ட்ராங் பட்டியலில் இந்தச் சொல்லின் எண் 1346 போதும், ஆனால் யூமேயுஸ் கிடைக்கமாட்டான்.

ஐந்துக்கு நாலரை. அச்சுப் பிரதிதான் வேண்டுமென்றால் டெல்டாவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.