கண்ணாடியில் ஒட்டிய பொட்டு: தண்டையார்பேட்டை குறும்பட வகுப்புக்குப் போகலாமா?

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வகுப்பு நடக்கிறது. ஒரே ஒரு குறும்படம், அதை வைத்து மூன்று மணி நேரம். கட்டணம் 300 ரூபாய், டீ சமோசா எல்லாம் அதிலேயே அடக்கம். எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். போங்கள், நிச்சயமாகப் போங்கள். குறைகள் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நாங்கள் பார்த்த படம் 14 நிமிடம். காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு பெண், புருஷன் செத்த பிறகு வருகிற சில வாரங்கள், அவ்வளவுதான் கதை. இன்னும் விழாக்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம், அதனால் படத்தின் பெயரை இங்கே போடவில்லை. முதலில் நிறுத்தாமல் ஒரு முறை ஓட்டுகிறார்கள். அப்புறம் ஷாட் ஷாட்டாக நிறுத்தி நிறுத்தி. நடத்துகிறவர் போடுகிற ஒரே கண்டிஷன், முதல் ஒரு மணி நேரத்துக்கு "இது எதைக் குறிக்கிறது" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேமரா எங்கே இருக்கிறது, யார் ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறார், சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, இதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார். இந்த வகுப்பின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன். விதவை என்ற வார்த்தையைக் கேட்டதுமே நம் மனதில் ஒரு பரிதாபம் தயாராக வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதை ஒரு மணி நேரம் வெளியில் நிற்க வைத்தால்தான் திரையில் இருக்கிற பெண் கண்ணில் படுகிறாள்.

கண்ணாடி ஷாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சுவரில் மாட்டிய ஒரு சின்னக் கண்ணாடி, ஓரத்தில் ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டு. நம் வீடுகளில் எல்லாம் இருப்பதுதான், ராத்திரி எடுத்து ஒட்டி வைத்துக் காலையில் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வார்கள். காரியம் முடிந்த அன்றைக்கு ஒரு வயதான கை ஃபிரேமுக்குள் வந்து ஒவ்வொரு பொட்டாக நகத்தால் சுரண்டி எடுக்கிறது. முகம் கிடையாது, பேச்சு கிடையாது, கட் கிடையாது, கேமரா அசையவே இல்லை. ஒரு பொட்டு மட்டும் பாதி பிய்ந்து நிற்க, அந்தக் கை விரலில் எச்சில் தொட்டுத் தேய்க்கிறது. அப்படியும் பசைத் தடம் போகவில்லை.

சில நிமிடம் கழித்து அவள் அதே கண்ணாடி முன்னால் தலை வாருகிறாள். முதலில் கண்ணாடி மேல் இருக்கும் பசைத் தடம் துல்லியமாகத் தெரிகிறது, அவள் முகம் மங்கலாக இருக்கிறது. ஃபோகஸ் மெதுவாக முகத்துக்கு மாறும்போது அந்தத் தடம் மங்கி, சரியாக அவள் நெற்றி நடுவில் போய் நிற்கிறது. இது எப்படி முடிகிறது என்று நடத்துகிறவர் ஒரு கைக்கண்ணாடியையும் கேமராவையும் வைத்து அங்கேயே செய்து காட்டினார். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்துக்கு ஃபோகஸ் பண்ண, கண்ணாடி வரைக்கும் உள்ள தூரத்தோடு கண்ணாடிக்கும் முகத்துக்கும் இடையிலான தூரத்தையும் லென்ஸ் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அதனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வருகிற துளையை, அகலமாகத் திறந்து வைத்தால் கண்ணாடிப் பரப்பும் முகமும் ஒரே நேரத்தில் துல்லியமாக வராது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போய்விடும். இதைப் புரிந்துகொண்டு திரும்பப் பார்த்தபோது ஹாலில் யாரும் பேசவில்லை.

அடுத்தது போனி காட்சி. கேமரா மீன் பலகை உயரத்தில், உட்கார்ந்திருக்கும் அவள் கண்மட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்களின் செருப்பும் ஒயர் கூடையும் மட்டும்தான் தெரிகின்றன. ஒரு ஜோடி செருப்பு வந்து நிற்கிறது, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், செருப்பு பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுகிறது. அவள் மீன் மேல் தண்ணீர் தெளிக்கிறாள். இப்படித் தாழ்வாகக் கேமரா வைப்பதை ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு ஒரு பாணியாகவே வைத்திருந்தார் என்று சொல்லிவிட்டு, வந்தவரின் முகத்தை ஏன் காட்டவில்லை என்று நடத்துகிறவர் கேட்டார். எங்களோடு உட்கார்ந்திருந்த தையல் வேலை செய்கிற அக்கா ஒருவர், "முகத்தைக் காட்டினா அந்த ஒரு ஆள் மேலதான் கோவம் வரும், இப்போ அது யார் வேணா இருக்கலாம், நானா கூட இருக்கலாம்" என்றார். அன்றைக்கு முழுக்க இதைவிட நல்ல பதில் வரவில்லை. "இதெல்லாம் இப்போ யாரு சார் பார்க்கிறாங்க" என்று ஒரு தம்பி இழுத்தபோது அக்கா முறைத்த முறைப்பே போதும். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856ல், நம்ம ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஓடத் தொடங்கிய அதே வருஷம். முதல் வியாபாரத்துக்கு நெற்றியைப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

சத்தம் பற்றிய பகுதியும் அருமை. வடசென்னையில் சாவு என்றால் மேளமும் கானாவும் இல்லாமல் இருக்காது, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்குள் ஓடிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். இந்தப் படத்தில் ஊர்வலமே இல்லை. கேமரா வீட்டுக்குள் அவளோடு நின்றுவிடுகிறது, மேளச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்து தேய்ந்து போகிறது. சுடுகாடு வரைக்கும் பெண்கள் போகக் கூடாது என்ற வழக்கம் அவளை எங்கே விட்டுவிட்டுப் போகிறதோ, நம்மையும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளைப் புடவை பற்றியும் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. 1937லேயே கே. சுப்ரமணியம் பாலயோகினியில் கைம்பெண்களின் நிலையைப் பேசியிருக்கிறார், 1984ல் வைதேகி காத்திருந்தாள் ரேவதியை நமக்கெல்லாம் தெரியும். வெள்ளைப் புடவை இருந்தால் யார் என்று வசனம் இல்லாமலே புரிந்துவிடும், அந்த வசதி சினிமாவுக்குத் தேவைப்பட்டது. மீன் மார்க்கெட்டில் யார் வெள்ளை கட்டிக்கொண்டு உட்கார்வார்கள்? இந்தப் பெண் பழைய நைலக்ஸ் புடவையிலேயே வருகிறாள், அதுதான் நான் பார்த்து வளர்ந்த காசிமேடு.

ஒரே முகம், பக்கத்தில் வருகிற ஷாட்டைப் பொறுத்து வேறு வேறு உணர்ச்சியாகத் தெரியும் என்பதுதான் குலெஷோவ் சோதனை. அதைச் செய்து காட்டுகிறேன் என்று அவள் முகத்தை மட்டும் எடுத்து, பக்கத்தில் காலிக் கட்டில், சோற்றுத் தட்டு, தூங்குகிற குழந்தை என்று வெவ்வேறு ஷாட்டை ஒட்டிப் போட்டார்கள். நல்ல பயிற்சி, ஆனால் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது.

இப்போது குறைகள். கடைசி ஒரு நிமிடத்தில் வயலின் வந்து அழ வைக்கப் பார்க்கிறது. அதுவரைக்கும் மேளம், ஏலக் குரல், போட் இன்ஜின் தவிர வேறு இசையே இல்லாத படம் இது, கடைசியில் ஏன் நம்மை நம்பவில்லை என்று கேட்டேன். "டைரக்டரிடம் சொல்கிறேன்" என்று நடத்துகிறவர் அடுத்ததுக்குப் போய்விட்டார். டெக்னிக்கை அவ்வளவு பொறுமையாகப் பிரித்தவர், படத்தின் பலவீனத்தையும் அதே பொறுமையோடு பிரித்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் வேறு சுமார்தான், மேளம் தேய்கிற இடத்தில் வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் ஒன்றும் கேட்காது, முன் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். இந்தப் படம் யாரைப் பற்றியதோ அந்தப் பெண்கள் ஒருவர் கூட வர முடியாத நேரம் அது. சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றுங்கள், மீன் விற்கிறவர்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று வெளியே எழுதியே போடுங்கள், பெண்கள் பேச முதல் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் போனாலும் இதையே கேளுங்கள், நாலு பேர் கேட்டால் மாற்றுவார்கள்.