எலன் டெரி – பெர்னார்ட் ஷா கடிதங்கள்: ஒத்திகைக்கு முந்தைய உரையாடல்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் முதன்மையான நாடக நடிகை எலன் டெரிக்கும், அப்போது பத்திரிகைகளில் இசை, நாடக விமர்சனம் எழுதிவந்த பெர்னார்ட் ஷாவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து, டெரி மறைந்த மூன்றாண்டுகளுக்குப் பின் 1931இல் நூலாக வெளிவந்தது. டெரியின் மகள் எடித் கிரெய்கின் தோழியும் எழுத்தாளருமான கிறிஸ்டோபர் செயின்ட் ஜான் இதைத் தொகுத்தார். இதைக் காதல் கடிதங்கள் என்று அறிமுகப்படுத்துவோரே மிகுதி. அந்த எண்ணத்தோடு படிப்பவர்களும் ஏமாற மாட்டார்கள். எனினும், ஒரு பெரிய நடிகை தான் ஏற்கும் பாத்திரத்தை எப்படி யோசித்து உருவாக்குகிறார் என்பதை அவருடைய எழுத்திலேயே காட்டுகிறது என்பதற்காகவே நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. தமக்குத் தெரிந்த இளம் பாடகி ஒருவரின் குரலைப் பற்றி மதிப்பீடு வேண்டி, 1892இல் டெரி ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். அக்கடிதம் அப்பத்திரிகையின் இசை விமர்சகரான ஷாவிடம் போய்ச் சேர்ந்தது. ஷா முகத்தாட்சண்யம் பாராமல் தம் கருத்தை எழுதினார். பிறகு சில ஆண்டுகள் இடைவெளி. 1895 முதல் கடிதங்கள் வேகம் பிடிக்கின்றன. இருவரும் லண்டனில்தான் இருந்தார்கள்; டெரி நடித்துவந்த லைசியம் நாடக அரங்கில் ஷா அடிக்கடி வந்து அமர்ந்தார்; டெரி திரையில் இருந்த துளை வழியாக அவரைப் பார்த்ததும் உண்டு. ஆனாலும் நேரில் சந்திப்பதை இருவருமே தள்ளிப்போட்டார்கள். 1900இல்தான் முதல் சந்திப்பு. நேரில் பேசிவிட முடியாத நிலையில் எல்லாவற்றையும் தாளில் சொல்ல வேண்டியிருந்தது. கடிதங்களின் செறிவுக்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நூலின் உச்சம் 1896 செப்டம்பர் மாதக் கடிதங்கள். நடிகரும் அரங்க நிர்வாகியுமான ஹென்றி இர்விங்கின் லைசியத்தில் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ மேடையேற இருந்தது. டெரிக்கு இமோஜென் வேடம். அதில் ஒரு கடினமான காட்சி உண்டு. மயக்க மருந்தின் பிடியிலிருந்து விழிக்கும் இமோஜென், பூக்கள் தூவப்பட்ட தலையற்ற உடல் ஒன்று அருகில் கிடப்பதைக் காண்கிறாள். அதன் உடைகளைக் கண்டு தன் கணவன் என்றே நம்பிவிடுகிறாள். விழித்த கணமே அலறினால் காட்சி அங்கேயே முடிந்துபோகும். முதலில் பாதித் தூக்கம், பிறகு பூக்கள், பிறகு இரத்தம், எல்லாவற்றுக்கும் பின்புதான் தலையில்லை என்ற உணர்வு என்று, அதிர்ச்சி படிப்படியாக ஏற வேண்டும் என்பது ஷாவின் வாதம். எந்த வரியில் என்ன தெரியவருகிறது என்று அவர் பிரித்துப் பிரித்து எழுதுகிறார்.

டெரி இந்த யோசனைகளை அப்படியே விழுங்கிவிடுபவர் அல்லர். பிடித்ததை மகிழ்ச்சியோடு ஏற்கிறார், தம் ஐயங்களை முன்வைக்கிறார், தாம் தயாரித்துவரும் முறையைச் சொல்கிறார். ஒன்பது வயதில் நடிகர் சார்ல்ஸ் கீனின் நாடகக் குழுவில் மேடையேறியவர். நாடகப் பிரதிகளின் ஓரங்களில் விடாமல் குறிப்பெழுதும் பழக்கம் கொண்டவர். அந்த அனுபவம் முழுவதும் கடிதங்களில் இருக்கிறது. இயல்பாக வந்த வசீகரத்தால் வென்றவர் என்று அவரைப் பற்றிப் பரவியிருந்த எண்ணத்தை இந்தச் சில பக்கங்களே கலைத்துவிடும்.

எழுத்தாளராகவும் டெரியையே நான் ஒருபடி மேலாக வைப்பேன். ஷாவின் கடிதங்கள் நீண்டவை, அறிவொளி வீசுபவை. தாம் ரசிக்கப்படுகிறோம் என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை. டெரி களைத்திருந்தால் அந்தக் களைப்பு வாக்கியத்தில் தெரியும், ஆவல் வந்தால் கோடிட்டு அழுத்துவார், நான்கே வரியில் விஷயத்தை முடித்துவிடுவார். பின்னாளில் தம் மனைவியான சார்லட்டை மணப்பது பற்றி ஷா தடுமாறியபோது டெரி காட்டும் நிதானமும் பரிவும் அருமையானவை.

இர்விங் இந்நூலின் நடுவே நின்றும் பேசாதவர். 1895இல் நடிகர்களிலேயே முதலாவதாக ‘சர்’ பட்டம் பெற்ற அவரிடம், டெரியை மனத்தில் வைத்து எழுதிய ஒரு நாடகத்தை ஷா கொடுத்திருந்தார். அதே நேரத்தில் அவருடைய மேடையேற்றங்களை விமர்சனங்களில் தாக்கியும் வந்தார். 1896 இறுதியில் இர்விங்கின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ பற்றி ஷா எழுதியதில் உறவு கெட்டு, 1897இல் ஷா கொடுத்திருந்த நாடகம் கைவிடப்பட்டது. இடையில் சிக்கியவர் டெரி. யாரையும் விட்டுக்கொடுக்காமல் அவர் எழுதும் கடிதங்கள், ஓர் அரங்கின் உள்விவகாரங்களை வரலாற்று நூல்களைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன.

குறையும் இங்கேதான் இருக்கிறது. ஷா எழுதிய நீண்ட முன்னுரை, டெரியின் திறமையை இர்விங் வீணடித்தார் என்ற தீர்ப்பை வாசகரின் கையில் முதலிலேயே கொடுத்துவிடுகிறது. 1905இல் மறைந்த இர்விங்கால் அதற்குப் பதில் சொல்ல இயலாது. இருபதாண்டுகளுக்கும் மேலாக அவருக்கு இணையாக நடித்த டெரி, கடிதங்களில் அவரை எவ்வளவு மதிப்போடு குறிப்பிடுகிறார் என்பதைப் படித்தால், அந்தத் தீர்ப்பு அரைகுறையானது என்பது புரியும். ஆகவே முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். டெரியின் மகன் கோர்டன் கிரெய்க் இந்தக் கடிதங்கள் அச்சேறியதையே எதிர்த்து, அதே ஆண்டில் தாயைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனாலும் வெளியிட்டது நல்லது என்பதே என் நிலைப்பாடு.

டெரியின் கடிதங்கள் அனைத்தையும் திரட்டும் பல தொகுதிப் பதிப்பு 2010 முதல் வெளிவந்தது. அது ஆய்வாளர்களுக்கும் நூலகங்களுக்கும் உரியது. விலையும் தனிவாசகருக்குக் கட்டுப்படியாகாது. 1931ஆம் ஆண்டுத் தொகுப்பின் மறுபதிப்புகளோ பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் தேடினால் கிடைக்கக்கூடியவை. ‘சிம்பலின்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, 1896ஆம் ஆண்டுக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1892ஆம் ஆண்டுக் கடிதங்களுக்குத் திரும்பி வரலாம்.